இருட்டறையில் ஒரு பச்சைக் கோடு

1993 ஜனவரி 18, திங்கள்

உரக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி வீட்டில் சும்மா கிடக்கிறது. இன்றிலிருந்து எழுதுகிறேன். காரணம் இருக்கிறது. இன்று காலை பத்து மணிக்கு என் தானியங்கி மணி எங்கள் மேல்நிலைப் பள்ளியில் திறந்து வைக்கப்பட்டது. பின்னால் வருகிறவர்கள் தேதி கேட்டால் சொல்ல வேண்டுமல்லவா?

தலைமையாசிரியர் சிவசைலம் சார் ரிப்பன் வெட்டினார். "நம்ம சங்கரபாகம் சார் இருக்கையில வெளியூரு விஞ்ஞானி நமக்கு எதுக்கு?" என்றார். ஆயிரத்து இருநூறு பிள்ளைகளும் கைதட்டினார்கள். தட்டி முடித்தால் வகுப்புக்குப் போக வேண்டும், அதனால்தான் அவ்வளவு நேரம் தட்டினார்கள் என்று வேதியியல் பியூலா டீச்சர் சொன்னார். அவருக்கு எதையும் நேராகப் பார்க்கத் தெரியாது.

ஏற்பாடு எளிமையானது. பாடவேளை முடியும்போதெல்லாம் ஒரு கடிகாரம், இயற்பியல் ஆய்வகத்தில் நான் வைத்திருக்கும் பெட்டிக்குச் சிறு மின்துடிப்பு ஒன்றை அனுப்பும். ஒரு துடிப்புக்கு ஒரு மணி. ஒன்பதாவது துடிப்புக்கு நீள மணி. அது வீட்டுக்குப் போகிற மணி. அவசரத்துக்குக் கையால் அழுத்த ஒரு பொத்தானும் உண்டு, தலைமையாசிரியர் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில். அதற்கு நேர் கீழேதான் பியூன் மாசானத்தின் ஸ்டூல்.

மாசானம் இந்தப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகத் தண்டவாளத் துண்டில் மணி அடித்தவன். "வருத்தமா மாசானம்?" என்று கேட்டேன். "எதுக்கு சார் வருத்தம்? ரெண்டு காதும் இன்னைக்கித்தான் நல்லாருக்கு" என்றான். நான் நம்பவில்லை.

ஜனவரி 20, புதன்

மதியம் 1.50-க்கு மணி தானாக அடித்தது. ஐந்தாவது பாடவேளை தொடங்கிப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. பிள்ளைகள் வகுப்பு மாறிவிட்டார்கள். திரும்பச் சேர்ப்பதற்குள் அடுத்த பாடவேளையும் போய்விட்டது. நீள மணி முந்திவிடாமல் இருக்கப் பெட்டியின் எண்ணிக்கையைத் திருத்தி வைத்தேன்.

அப்போது நான் இருட்டறையில் இருந்தேன். இயற்பியல் ஆய்வகத்தை ஒட்டி ஒளியியல் சோதனைகளுக்காக ஒரு சிறிய இருட்டறை உண்டு. திங்கள், புதன், வெள்ளி எனக்கு ஐந்தாவது பாடவேளை ஓய்வு. அந்த நேரத்தில் உள்ளே போய்க் கருவிகளைப் பராமரிப்பது வழக்கம். கண்ணை மூடப் போகும்போது மணிச் சத்தத்தில் திடுக்கிட்டேன். அதாவது, கருவிப் பெட்டியை மூடப் போகும்போது.

ஜனவரி 22, வெள்ளி

இன்றும். 2.12-க்கு. "நான் அதத் தொடவே இல்ல சார்" என்கிறான் மாசானம். கேட்காமலேயே சொல்கிறான்.

ஜனவரி 25, திங்கள்

தலைமையாசிரியர் எழுத்துமூலம் அறிக்கை கேட்டார். எழுதிக் கொடுத்தேன். முக்கியமான வரிகளை இங்கே படி எடுத்து வைக்கிறேன்: "கருவியில் எவ்விதப் பிழையும் இல்லை. கருவி முறையாகவே இயங்குகிறது. மணி அகாலத்தில் ஒலிப்பதற்குக் கருவி காரணம் அன்று. தாழ்வாரத்துக் கைப்பொத்தானை நாள் முழுவதும் அணுகும் வசதியுடையவர் ஒருவரே என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன்."

பெயர் எழுதவில்லை. அந்த அளவுக்கு எனக்கு நாகரிகம் உண்டு.

ஆசிரியர் அறையில் பியூலா டீச்சர் வாங்கிப் படித்தார். "கருவி சரியா இருக்கு, சரியா இருக்குன்னு மூணு மட்டம் எழுதியிருக்கிய. எங்கப்பன் குதிருக்குள்ள இல்லங்கிற மாதிரில்லா இருக்கு" என்றார். வேதியியல்காரர்களுக்கு மின்னணுவியலில் நம்பிக்கை குறைவு.

ஜனவரி 27, புதன்

மாசானத்துக்கு மெமோ கொடுத்தார்கள். பொத்தான் மேல் ஒரு தகரப் பெட்டியை மாட்டிப் பூட்டுப் போட்டு, சாவியைத் தலைமையாசிரியர் பூணூலில் கட்டாத குறையாக வைத்திருக்கிறார். இனி ஒரு தொல்லையும் இருக்காது. இன்று மதியம் தலைவலி என்று இருட்டறைக்குப் போகவில்லை. மணி ஒழுங்காக அடித்தது. பூட்டின் பலன்.

பிப்ரவரி 1, திங்கள்

இதை எழுதக் கை கூசுகிறது.

மதியம் 2.15-க்கு மணி அடித்தது. அடித்தது, அடித்தது, மறுபடியும் அடித்தது. கடைசியில் நீள மணி. ஆயிரத்து இருநூறு பிள்ளைகளும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். கேட்டில் மறித்து நின்ற உடற்கல்வி ஆசிரியரைச் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஓடியவர்களில் ஆசிரியர்கள் இரண்டு பேர். ஒருவர் பஸ்ஸும் ஏறிவிட்டார்.

தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். பூட்டு பூட்டியபடி இருக்கிறது, சாவி அவரிடம் இருக்கிறது, பின்னே எப்படி என்று கேட்டார். சுவரோரம் போகும் ஒயரைத் துடைப்பத்தால் தட்டினாலும் போதும், மணி அடிக்கும் என்றேன்.

"அவன் தட்டுதத நீரு பாத்தீரா?" கோபம் வந்தால் அவருக்கு 'சார்' விழுந்துவிடும்.

"பார்க்கவில்லை. ஆனால் நிரூபிக்க முடியும்."

"நிரூபிச்சுக் காட்டும். மார்ச் நாலாந்தேதி பிளஸ் டூ பரீட்சை. பரீட்சை மண்டபத்துல பாதி நேரத்துல நீள மணி அடிச்சா நம்ம சென்டரையே எடுத்துருவான். இருபத்தாறாந்தேதி ஆசிரியர் கூட்டம் போடுதேன். மாசானந்தான்னு நீரு காட்டிட்டா, அன்னைக்கே அவன நிப்பாட்டிருதேன்."

மாசானம் அரசுச் சம்பளக்காரன் இல்லை. நிர்வாகம் போ என்றால் போக வேண்டியதுதான்.

பிப்ரவரி 3, புதன்

ஆஸிலோஸ்கோப்பைத் தூசி தட்டி இருட்டறைக்குக் கொண்டுபோனேன். ஒரு கல்லூரி புதிது வாங்கியபோது எங்களுக்குத் தானமாகக் கொடுத்த பழையது. கனம் ஒரு நெல் மூட்டை. போட்டால் சூடாகி, சுடுகிற தோசைக்கல் வாசம் வரும். மின்சாரத்தின் போக்கைத் திரையில் பச்சைக் கோடாக எழுதிக் காட்டும் கருவி இது.

என் திட்டம் இதுதான். மனிதன் பொத்தானை அழுத்தினாலோ ஒயரைத் தட்டினாலோ வருகிற துடிப்பு சோம்பேறித்தனமாக அகலமாக இருக்கும். மின்சாரக் கோளாறினால் வருவது ஊசி மாதிரி இருக்கும். திரையில் உருவத்தைப் பார்த்துவிட்டால் யார் குற்றவாளி என்று தெரிந்துவிடும். கோடு அகலமாக இருந்தால் மாசானம் வெளியே.

சிக்கல் என்னவென்றால், இந்த மாதிரிப் பழைய கருவியில் ஒரு பச்சைப் புள்ளிதான் இடமிருந்து வலம் ஓடிக் கோடு போடுகிறது. ஒரே துடிப்பு நொடிக்கு ஆயிரம் தடவை வந்தால், அதே தடத்தில் ஆயிரம் தடவை எழுதும். கோடு பளிச்சென்று நிற்கும். நம்முடைய துடிப்போ மூன்று நாளைக்கு ஒரு முறை வருகிறது. புள்ளி ஒரே ஒரு தடவை ஓடும். கண் சிமிட்டுவதற்குள் போய்விடும். அதுவும் பகல் வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. ஆகவே இருட்டு வேண்டும், பொறுமை வேண்டும். இரண்டும் என்னிடம் உண்டு.

பிப்ரவரி 5, வெள்ளி

முதல் கண்காணிப்பு. 'ஒற்றை ஓட்டம்' என்ற நிலையில் குமிழைத் திருப்பி வைத்தேன். அப்போது ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரியும். புள்ளி தயாராகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். துடிப்பு வந்ததும் புள்ளி ஒரு தடவை ஓடும், சிவப்பு விளக்கு அணையும்.

எல்லாம் தயார் செய்துவிட்டு, கதவருகே போய் ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, மேசையைத் தடவித் தடவி வந்து உட்கார்ந்தேன். பார்த்தால் சிவப்பு விளக்கு அணைந்திருக்கிறது! நான் வந்து உட்காருவதற்குள் துடிப்பு வந்து போயிருக்கிறது. மணி அடிக்கவில்லை, அந்த அளவுக்குப் பெரிய துடிப்பு இல்லை போலும். திருடன் ஆள் அசந்த நேரம் பார்த்துத்தான் வருவான்.

மறுபடி தயார் செய்தேன். வெளிச்சத்திலிருந்து வந்த கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் ஆகும், அதுவரை மூடிக்கொண்டிருப்பது நல்லது என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறது. மூடினேன். திறந்தபோது 3.10. ஆறாம் பாடவேளையில் பதினொன்றாம் வகுப்புக்கு நான் போகவில்லை என்று தலைமையாசிரியர் குறித்து வைத்திருக்கிறார். ஆராய்ச்சியின் கஷ்டம் ஆராய்கிறவனுக்குத்தான் தெரியும்.

பிப்ரவரி 8, திங்கள்

திரைக்கும் கண்ணுக்கும் நடுவே வெளிச்சம் புகாமல் ஒரு கூடு வேண்டியிருந்தது. பழைய குடைத் துணியைப் பிரித்தேன். "அது பழைய குடை இல்ல, எங்க அண்ணன் போன மாசம் வாங்கிக் குடுத்தது" என்றாள் என் மனைவி வடிவு. பிரித்த பிறகு சொல்லி என்ன பயன்?

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பியூலா டீச்சர் கதவைத் திறந்தார். "ஐயையோ" என்று மூடிவிட்டார். பிறகு வெளியே நின்று, "ஆவி பிடிக்கியளா சார்? யூகலிப்டஸ் தைலம் எங்க லேப்ல இருக்கு" என்றார்.

மணி 1.47-க்கு அடித்தது. அப்போதுதான் விளக்கை அணைத்திருந்தேன், துணியை இன்னும் போர்த்தவில்லை. அரை நிமிடம் முந்திவிட்டது. எரிச்சலாக இருந்தது.

பிப்ரவரி 9, செவ்வாய்

எனக்கு மதியம் முழுவதும் வகுப்பு. மணி சரியாக அடித்தது.

பிப்ரவரி 12, வெள்ளி

மூன்று நாளாகச் செய்முறைத் தேர்வு. இருட்டறையில் சோடியம் விளக்கு மட்டும் காலையில் போட்டது சாயங்காலம் வரை எரிந்தது. ட்யூப்லைட்டைத் தொடவே இல்லை. மூன்று நாளும் மணி நூல் பிடித்த மாதிரி அடித்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் என் மணியைப் பாராட்டிவிட்டுப் போனார். வெளியாள் வந்ததும் மாசானம் வாலைச் சுருட்டிக்கொண்டான் என்பது தெளிவு.

பிப்ரவரி 15, திங்கள்

1.52-க்கு அடித்தது. பார்க்கவில்லை. அப்போதுதான் விளக்கை அணைத்துக் கண்ணைப் பழக்கத் தொடங்கினேன்.

எல்லாத் தேதிகளையும் ஒரு தாளில் எழுதி ஆசிரியர் அறையில் வைத்து ஆராய்ந்தேன். ஓர் உண்மை பளிச்சிட்டது. தவறான மணி திங்கள், புதன், வெள்ளி மட்டுமே அடிக்கிறது. அதுவும் ஐந்தாவது பாடவேளையில் மட்டும். அந்த நாட்களில் மாசானம் என்ன செய்கிறான் என்று விசாரிக்க வேண்டும்.

பியூலா டீச்சர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "திங்க, பொதன், வெள்ளி அஞ்சாவது பீரியட் யாருக்கு சார் ஃப்ரீ?"

"எனக்குத்தான். அதனால்தானே கண்காணிக்க முடிகிறது!"

என் முகத்தைப் பார்த்தார். "கர்த்தரே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிப்ரவரி 17, புதன்

கண் சிமிட்டும், கேமரா சிமிட்டாது. பஸ் ஸ்டாண்ட் ஸ்டுடியோக்காரரிடம் கேமராவும் ஒரு சுருளும் வாங்கிவந்தேன். இருட்டில் கேமராவின் கண்ணைத் திறந்தே வைத்துவிட்டால், புள்ளி எப்போது ஓடினாலும் பிலிமில் விழுந்துவிடும். வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் இப்படித்தான் செய்வார்களாம். விளக்கை அணைத்து, அறை நன்றாக இருண்ட பிறகு ஒவ்வொரு படமாகத் திறந்தேன். முப்பத்தாறும் தீர்ந்தது. மணி 1.46-க்கே அடித்துவிட்டது, கேமராவைத் திறப்பதற்கு முன்னால். இருந்தாலும் சின்னத் துடிப்புகளாவது விழுந்திருக்கும்.

பிப்ரவரி 19, வெள்ளி

முப்பத்தாறும் கறுப்பு. "சார், மூடியத் தொறந்துதான எடுத்திய?" என்று ஸ்டுடியோக்காரர் கேட்டார். அங்கே நின்ற ஒரு மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள்.

மதியம் 2.14-க்கு மீண்டும் மணி. இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது.

பிப்ரவரி 20, சனி

காலையில் மாசானம் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றான். வடிவுதான் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள்.

சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அதற்கும் தயாராகத்தான் இருந்தேன். அவன் சண்டை போடவில்லை.

"சார், எம் மக பேச்சி உங்க கிளாஸ்தான். நாலாந்தேதி பரீட்ச எழுதுதா."

தெரியும். மூன்றாவது பெஞ்சு. மின்சுற்றுக் கணக்கில் என்னையே ஒரு தடவை திருத்தியவள்.

"இருவத்தாறாந்தேதி என்னய நிப்பாட்டப் போறாகளாமே. நிப்பாட்டட்டும் சார், நான் ஒண்ணும் சொல்லல. பரீட்ச முடியட்டும்னு ஒரு வார்த்த ஹெட்மாஸ்டர்ட்ட சொல்லுவியளா? அப்பன களவாணின்னு வெளிய அனுப்புன பள்ளிக்கூடத்துல ஒக்காந்து அவளால எழுத முடியாது சார். பதினெட்டாந்தேதி கடைசிப் பரீட்ச. பத்தொம்பதாந்தேதி நானே போயிருதேன்."

நான் செய்யவில்லை என்று அவன் சொல்லவில்லை. அதைச் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டான் போலிருக்கிறது. பார்க்கிறேன் என்றேன்.

அவன் போனதும் வடிவு டம்ளரை எடுத்துக்கொண்டே, "பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு ஆயிரக்கூடாது, பாத்துக்கிடுங்க" என்றாள். என் காப்பி ஆறிப்போயிருந்தது. குடிக்கப் பிடிக்கவில்லை. மனசு சரியில்லை. இதுவரை அவன் பொய் சொல்கிறான் என்று எனக்குத் திட்டமாகத் தெரியும். இன்று அந்தத் திட்டம் கொஞ்சம் ஆடுகிறது.

பிப்ரவரி 22, திங்கள்

நியாயமான ஒரு சோதனை தோன்றியது. மாசானத்தை என் பக்கத்திலேயே வைத்துக்கொள்வது. அவன் என் கண்முன் இருக்கும்போது மணி அடித்தால் அவன் நிரபராதி. அடிக்காவிட்டால் அவன்தான்.

1.42-க்கு அவனை இருட்டறைக்குக் கூட்டிவந்தேன். நான் துணிக்குள் தலையை விட்டு, பத்து நிமிடம் கண்ணைப் பழக்கினேன். இந்த முறை தூங்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. இந்த மூன்று வாரத்தில் முதல் தடவையாக, நான் எழுந்து போகாமல், "மாசானம், அந்த லைட்டை அணையும்" என்றேன்.

சுவிட்ச் சத்தம் கேட்டது. அதே நொடியில் திரையில் ஒரு பச்சை ஊசி. மேலே போய்க் கீழே வந்து மறைந்துவிட்டது. மயிரிழை அகலம். கண்ணை மூடினாலும் இமைக்குள் நின்றது. எவ்வளவு அழகாக இருந்தது என்று சொல்ல முடியாது. மூன்று வாரம் தேடியது அரை நொடியில் வந்து முகம் காட்டிவிட்டுப் போனது.

மணி அடிக்கவில்லை.

"மறுபடியும் போடும்." ட்யூப்லைட் வழக்கம்போல நாலைந்து தடவை சிமிட்டியது. "அணையும்." ஊசி. "போடும்." "அணையும்." ஊசி, ஊசி. நான் வெறிபிடித்தவன்போலச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆறாவது தடவை ஊசி திரைக்கு மேலேயே போய்விட்டது. வெளியே மணி அடித்தது.

துணியிலிருந்து தலையை எடுத்தேன். இருட்டில் மாசானம் சுவிட்ச் பக்கம் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது மங்கலாகத் தெரிந்தது.

"சார், நான் இங்கனயேதான் நிக்கேன். பொத்தானத் தொடல."

"தெரியும்" என்றேன். "போடும்."

போட்டார். ட்யூப்லைட் சிமிட்டியது. ஒவ்வொரு சிமிட்டலுக்கும் ஒரு மணி அடித்தது. கடைசியில் நீள மணி. ஆயிரத்து இருநூறு பேரின் காலடிச் சத்தம் ஆய்வகத்தைத் தாண்டி கேட்டை நோக்கிப் போனது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ட்யூப்லைட்டின் பழைய சோக், அணைக்கும்போதும் போடும்போதும் லைனில் ஒரு உதை உதைக்கிறது. என் மணிப்பெட்டிக்கு நான் மின்சாரம் எடுத்தது இருட்டறை லைனிலிருந்து. அதுதான் பக்கத்தில் இருந்தது. அந்த உதையைப் பெட்டி பாடவேளைத் துடிப்பு என்று எண்ணிக்கொள்கிறது. எல்லா உதையும் எட்டாது. மின்சார அலை உச்சத்தில் இருக்கும் நேரம் அணைத்தால்தான் எட்டும். நான் துடிப்பைப் பார்க்க விளக்கை அணைத்தேன். விளக்கை அணைத்ததுதான் துடிப்பு. அது வரும் நேரமெல்லாம் நான் கதவடியில் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

தலைமையாசிரியர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "யாரு வேல இது?" மாசானம் என்னைப் பார்த்தார். நான், "ஆய்வு நடக்கிறது சார். முடிவை எழுதித் தருகிறேன்" என்றேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, சோதனை தொடங்குவதற்கு முன்னாலிருந்தே, திங்கள், புதன், வெள்ளி மதியம் இருட்டறை விளக்கை எதற்கு அணைக்கிறீர், அரை மணி கழித்து எதற்குப் போடுகிறீர் என்பதாக இருக்கும்.

பிப்ரவரி 23, செவ்வாய்

அறிக்கை எழுத உட்கார்ந்தேன்.

முதல் பிரதி: "இருட்டறையில் நடைபெறும் தொடர் ஒளிக்குறைப்பு நடவடிக்கைகளின் விளைவாக..." கிழித்துவிட்டேன். எந்த நடவடிக்கை என்று கேட்பார்கள்.

இரண்டாவது பிரதி: "ஆசிரியரின் விழித்திரைப் பாதுகாப்பை முன்னிட்டு..." வடிவு படித்தாள். "கண்ணு வலியா ஒங்களுக்கு? சொல்லவே இல்லியே" என்றாள்.

மூன்றாவது பிரதியில் "உணவுக்குப் பின்" வரைதான் வந்தேன்.

பிப்ரவரி 24, புதன்

வேறு வழி தோன்றியது. எதற்காக எழுத வேண்டும்? காலையில் சீக்கிரமே போய், பெட்டிக்கு வேறு லைன் கொடுத்து, மின்சாரம் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் ஒரு கண்டென்சரைப் பற்றவைத்தேன். அது அந்த ஊசிகளை விழுங்கிவிடும். இதை முதலிலேயே வைக்கச் சொல்லித்தான் நான் பார்த்துச் செய்த பத்திரிகையில் போட்டிருந்தது. நானாகத்தான் அது அனாவசியம் என்று விட்டேன்.

மதியம் சோதித்தேன். முப்பது தடவை விளக்கை அணைத்துப் போட்டேன். மணி வாயைத் திறக்கவில்லை. அப்பாடா என்றிருந்தது.

பிப்ரவரி 25, வியாழன்

தலைமையாசிரியர் தாழ்வாரத்தில் என் தோளைத் தட்டினார். "திங்கக்கெழம நீங்க ஆய்வுக்கு அடிச்சதோட சரி, நேத்தும் இன்னைக்கும் மணி சுத்தமா அடிக்கு, பாத்தியளா சார்? கூட்டத்துக்கு ரெண்டு நா இருக்குன்னதும் நின்னுட்டு. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்? உத்தரவ டைப் அடிக்கச் சொல்லிட்டேன்."

இதை நான் நினைத்தே பார்க்கவில்லை. கோளாறை ஒளித்துவைத்துச் சரிசெய்ததால் மாசானத்தின் கழுத்தில் கயிற்றை நானே இறுக்கியிருக்கிறேன். பரீட்சை முடியும்வரை பொறுக்கக் கூடாதா என்று கேட்டேன். "சென்டர் போயிரும் சார். வேண்டாம்" என்றார்.

பன்னிரண்டாம் வகுப்பில் திருப்புதல் பாடம் எடுத்தேன். பேச்சி மூன்றாவது பெஞ்சில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். ஒரு தடவைகூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெட்கமாக இருக்கிறது. இதைவிட நல்ல வார்த்தை தேட எனக்குத் தெம்பில்லை.

பிப்ரவரி 26, வெள்ளி

நாலரைக்கு ஆசிரியர் கூட்டம். முப்பத்தொரு பேர். மாசானம்தான் டீ கொண்டுவந்து ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். தன்னை நிறுத்தப்போகிற கூட்டத்துக்குத் தானே டீ.

தலைமையாசிரியர் உத்தரவுத் தாளை எடுத்தார். நான் எழுந்து நின்றேன். அழகாகப் பேசத் தயாரித்து வந்திருந்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"சார், மணிய அடிச்சது மாசானம் இல்ல. நான். இருட்டறை லைட்ட அணச்சாலும் போட்டாலும் மணி அடிக்கும். நான் பெட்டிய வயரிங் பண்ணுனது தப்பு. திங்க, பொதன், வெள்ளி அஞ்சாவது பீரியட்ல நான் அங்க..." முன்னால் இருந்த டீ டம்ளரை நகர்த்தி வைத்தேன். "அங்க தூங்குதேன் சார். படுக்கும்போது லைட்ட அணைக்கேன். எந்திரிக்கும்போது போடுதேன்."

சொல்லிவிட்டேன். கூரை இடிந்து விழும் என்று காத்திருந்தேன்.

"தூங்குதியங்கது தெரியும் சார்" என்றார் தலைமையாசிரியர். "எட்டு வருசமாத் தெரியும். லைட்ட அணச்சா மணி எப்படி அடிக்கும், அதச் சொல்லுங்க."

நான் சுற்றிப் பார்த்தேன். யார் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. பியூலா டீச்சர் டீயை உறிஞ்சிவிட்டு, "எங்க லேபுக்கும் உங்க இருட்டறைக்கும் நடுவுல ஒத்தக்கல்லு செவுருதான் சார். உங்க கொறட்டையக் கேட்டுத்தான் எம் பிள்ளைக டைட்ரேஷன் பண்ணுது" என்றார். முப்பத்தொரு பேரும் சிரித்தார்கள். பஸ் ஏறிப் போன ஆசிரியர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

சோக், லைன், ஊசி எல்லாவற்றையும் விளக்கினேன். தலைமையாசிரியர் உத்தரவை நாலாகக் கிழித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "மெமோ குடுத்த அன்னைக்கு மாசானத்த வச்சு விசாரிச்சேன். மணி அடிச்ச அன்னைக்காவது சங்கரபாகம் சார் முழிச்சிருந்தாரான்னு கேட்டேன். 'லேப்புல மும்முரமா வேலையா இருந்தாக'ன்னான். தூங்கிக்கிட்டு இருந்தாருன்னு ஒரு வார்த்த அன்னைக்கே சொல்லியிருந்தான்னா உங்க அறிக்கைய நான் நம்பியிருக்கவே மாட்டேன்."

பஸ் ஏறிப் போன ஆசிரியர் தன் டீ டம்ளரைக் குனிந்து பார்த்தார்.

கூட்டம் கலைந்தது. எனக்கு மெமோ திங்கட்கிழமை வருமாம். பரீட்சைக்கு மணியை மாசானமே கையால் அடிக்க வேண்டும் என்று தீர்மானம். நான் உட்கார்ந்தே இருந்தேன். அவர் காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு என் பெஞ்சுக்கு வந்தார்.

"நான் தூங்குகிறது உமக்கும் தெரியுமா?" என்று கேட்டேன்.

"சர்க்குலர் கொண்டாருவேம்லா சார். கதவு சத்தம் வராம பைய வச்சிட்டுப் போவேன்."

"அவர் கேட்டபோது சொல்லியிருக்கலாமே. உம்ம வேலை போகிற நேரத்தில்..."

"தூங்குத மனுசனப் போயி எப்படி சார் காட்டிக் குடுக்க?" டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார். என் டம்ளர் நிறைந்திருந்தது. அதைத் தொடாமல் விட்டார். "நீங்க தூங்குனதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல சார். முழிச்சிருந்து எழுதுனியள்லா, அதுலதான்."

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அந்த டீயைக் குடித்து முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.